காசிமேட்டில் நான் வீசிய மஞ்சள் துண்டு

ஒரே ஒரு வேலை மட்டும் நன்றாகத் தெரிந்த ஆளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பத்து வேலை தெரிந்தவன் எதைச் செய்யலாம் என்று கொஞ்சமாவது யோசிப்பான். ஒன்றே ஒன்று தெரிந்தவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? போன இடத்திலெல்லாம் அதையே செய்து வைப்பான். இருபது வயதில் நான் அப்படிப்பட்ட ஆளாகத்தான் இருந்தேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரு வேலை, துண்டு வீசுவது.

சிரிக்காதீர்கள். எங்கள் திருத்தணியில் அது லேசான காரியம் இல்லை. ஆடிக் கிருத்திகையன்று மலைப்படிகளில் எள் போட்டால் கீழே விழாது. ஒரே வீட்டுக் காவடியில் பாதிப் பேர் மேலே போயிருப்பார்கள், பாதிப் பேர் கீழே மாட்டிக்கொண்டிருப்பார்கள். அரோகரா சத்தத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் யார் காதிலும் விழாது. அதனால் உயரமான ஆள் ஒருவனை முன்னாடியே மேலே அனுப்பிவிடுவோம். அவன் பாறைமேல் ஏறி நின்று மஞ்சளில் நனைத்த துண்டைத் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். 'இங்கேதான் இருக்கோம், நேரா வாங்க' என்று அர்த்தம். எங்கள் ஊர்க் காவடிகளுக்கு அந்த ஆள் நான். நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஆந்திரா எல்லை பாருங்கள்) என்னைப் பாராட்டியது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

"படிப்பு ஏறல, ஏர் புடிக்க வரல. ஆனா துண்டு சுத்துறான் பாரு, கனகம்மாசத்திரத்துல நின்னு பாத்தாலும் தெரியும்" என்பார்.

இந்தப் பாராட்டு என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் என்னைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள்.

யுத்த காலம் அது. ஜப்பான்காரன் இதோ வருகிறான், அதோ குண்டு போடுகிறான் என்று பட்டணமே பாதி காலியாகிக் கிடந்தது. ஓடி வந்தவர்களில் சிலர் எங்கள் ஊர்ச் சத்திரங்களிலேயே தங்கியிருந்தார்கள். பாவா, அதாவது என் அக்கா கனகத்தின் புருஷன், ரயில் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் நகராததால் அவரும் நகரவில்லை. அவர் நகராததால் அக்காவும் ராயபுரத்திலேயே இருந்தாள். அக்காவுக்கு ஏழாம் மாதம். அந்த மாதத்தின் கடைசி நாளில், விளக்கு வைப்பதற்கு முன்னால், எங்கள் வீட்டில் சீமந்தமும் வளைகாப்பும் நடந்தாக வேண்டும். அன்றைக்குத் தவறினால் எட்டாம் மாதம் பிறந்துவிடும், செய்யக்கூடாது. முதல் குழந்தை. இரண்டு வருஷம் மலைக்கு நடையாய் நடந்து வேண்டிக்கொண்டு உண்டானது. அம்மாவுக்கு ராத்தூக்கமே போய்விட்டது.

நைனா எனக்குச் சொன்ன புத்திமதி சுருக்கமானது. "ரெண்டு பேரையும் காலை வண்டியில ஏத்திகினு வா. மத்தியானம் வண்டி கிடையாது, சாயங்கால வண்டி வந்தா பொழுது போயிடும். வேற ஒண்ணும் பண்ணாதே. எதையும் தொடாதே."

துண்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அரக்கோணத்தில் வண்டி மாறினேன்.

முதல் நாள் சாயங்காலம் பாவா என்னைக் காசிமேட்டு மீன்துறைக்குக் கூட்டிப் போனார். இப்போது இருக்கிற மாதிரி கல் கட்டிய துறைமுகம் அப்போது இல்லை. மணல், வரிசையாகக் கட்டுமரம், நீளமாக ஓர் ஓலைக் கொட்டகை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் கோயில் மண்டபம், கச்சேரி, கடைத்தெரு எல்லாம். மில்லிலிருந்து வருகிறவன் நேரே அங்கே வருவான். சவரத்தொழிலாளி அங்கே பெட்டியைத் திறந்து வைத்திருப்பார். ஆப்பக்காரி அடுப்பு மூட்டியிருப்பாள். வலை பின்னுகிறவர்கள் நடுவில் ஒரு வாத்தியார் உட்கார்ந்து யுத்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து உரக்கப் படிப்பார். பேப்பரில் இல்லாததையும் சேர்த்துப் படிப்பார் என்று பாவா காதோடு சொன்னார். ஊரே காலியாகக் கிடக்க, மிச்சமிருந்த ஜனமெல்லாம் அந்த மணலில் வந்து உட்கார்ந்திருந்தது. தனியாக வீட்டில் பயந்து கிடப்பதைவிடச் சேர்ந்து உட்கார்ந்து பயப்படலாம் என்றுதான் வந்தார்கள் போலிருக்கிறது.

பாவாவுக்கு அங்கே ராஜ மரியாதை. எத்திராஜு என்ற கட்டுமரக்காரர் அவருக்கு உயிர்ச் சிநேகிதர். எத்திராஜின் தாயார் தேசம்மா பாவாவைப் பார்த்ததும் ஆப்பத்தட்டை நீட்டினாள். பாவா மணலில் சம்மணம் போட்டுக்கொண்டு எனக்குக் கடலைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். காற்று எப்போது திரும்பும், அலை எத்தனைக்கு ஒன்று பெரிசாக வரும், எல்லாம் சொன்னார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏன் பாவா, இவ்ளோ சொல்றீங்களே, ஒரு தபாவாவது உள்ள போயிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

கொட்டகையே சிரித்தது. வாத்தியார் பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தார். பாவாவுக்கு மூக்குக் கண்ணாடிக்குள் கண் சிவந்தது.

"எத்திராஜு, நாளைக்கு விடியக்காத்தால நானும் வர்றேன்யா" என்றார்.

"சாமி, உனக்கு நீச்சலே தெரியாதே" என்றார் எத்திராஜு.

"மரத்து மேல தானே உக்காரப்போறேன்? வெயில் ஏர்றதுக்குள்ள கரைக்கு வந்துடுவோம் இல்ல?"

"ஆங், அதெல்லாம் வந்துடலாம்."

இப்படித்தான் சீமந்தத்தன்று காலையில், மாமியார் வீடு காத்துக்கொண்டிருக்க, நீந்தத் தெரியாத கூட்ஸ் குமாஸ்தா ஒருவர் கடலுக்குப் போனார்.

அக்கா விழித்தபோது அவர் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். என் கேள்வியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டுப்புடவை மூட்டையைக் கட்டினாள். "துறைக்குப் போலாம். அந்த மனுசன் கரையில கால வச்சதும் அப்படியே ஜட்காவுல தூக்கிப் போட்டுகினு ஸ்டேசனுக்குப் போயிடலாம்" என்றாள்.

போனோம். வெயில் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. கட்டுமரங்கள் அலைக்கு அப்பால் பாய் இறக்கிக்கொண்டு கூட்டமாக நின்றன, சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்கள், இன்னும் கொஞ்சம் தூரம்தான் பாக்கி. எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவுக்கு மீன் வாடை ஆகவில்லை, குமட்டியது. அதனால் கூட்டத்தை விட்டுத் தள்ளி, காற்று வரும் பக்கமாக, உடைந்து கவிழ்ந்து கிடந்த ஒரு பழைய படகின் நிழலில் உட்கார வைத்தேன். கொட்டகை ஜனமெல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றது.

"எந்த மரத்துல கீறாரோ தெரியலியே. நாம இங்க இருக்கறது அவருக்குத் தெரிஞ்சா சீக்கிரமா வரச் சொல்லுவாரு" என்றாள் அக்கா.

இவ்வளவுதான் சொன்னாள். கவனியுங்கள், துண்டு வீசு என்று அவள் சொல்லவில்லை. ஆனால் என் காதில் கிருத்திகை மேளம் கேட்டது. ஒரே தாவலில் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறினேன். மஞ்சள் துண்டை உதறினேன். தலைக்கு மேலே தூக்கினேன். சுழற்றினேன்.

முன்னால் நின்ற கட்டுமரம் ஒன்று கரைப் பக்கம் மூக்கைத் திருப்பியிருந்தது. நான் சுழற்ற ஆரம்பித்ததும் அது மெதுவாகத் திரும்பிப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

'நம்மைப் பார்க்கவில்லை' என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுழற்றினேன்.

இன்னொரு மரம் கிளம்பியது. நான் "அரோகரா!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் சுழற்றினேன். அதுவும் திரும்பிப் போய்விட்டது.

"டேய் தணிகா, உன்னப் பாத்துட்டுத் திரும்பிப் போற மாதிரி கீதுடா" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு அக்கா. அலை இழுக்குது. உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். (கடலை அதற்கு முதல் நாள்தான் நானே பார்த்தேன்.)

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கரையில் முதலில் முணுமுணுப்பு, அப்புறம் சத்தம். கொட்டகை ஓரத்தில் சைகை காட்டும் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அலையின் போக்கை மரத்தில் இருப்பவனைவிடக் கரையில் இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் எப்போது வரலாம் என்று அவர்தான் காட்டுவார். அவர் கையைத் தாழ்த்தித் தாழ்த்தி 'வா, வா' என்று காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மரமும் வரவில்லை. "நல்லாத்தான்யா காட்றேன், ஏன் வரமாட்டேன்றானுங்க?" என்று அவர் எல்லோரிடமும் நியாயம் கேட்டார்.

அப்புறம் வாத்தியார் வாயைத் திறந்தார். தண்ணீருக்குள் ஏதோ இருக்கிறது, கடலில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை என்றார். மிதக்கிற குண்டாக இருக்கலாம் என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த 'லாம்' காற்றோடு போய்விட்டது. குண்டு இருக்கிறதாம். அலைக்கு இந்தப் பக்கம் வரிசையாகப் போட்டிருக்கிறானாம். யாரோ நீர்மூழ்கிக் கப்பல் என்றார்கள். தெருவிலிருந்து ஜனம் ஓடிவந்தது. ஜட்காக்காரன் குதிரையை விட்டுவிட்டு ஓடிவந்தான். விசிலோடு யுத்தக் காவல் வார்டன் ஒருவர் வந்து எல்லோரையும் பதுங்கு குழிக்குப் போகச் சொன்னார். ஒருத்தரும் அசையவில்லை. புருஷன் கடலில் நிற்கும்போது எந்தப் பெண்பிள்ளை குழிக்குப் போவாள்? யாரோ ஒரு சின்னப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள்.

அந்தச் சத்தமும், குண்டு என்ற வார்த்தையும் அக்காவின் காதில் விழுந்தன.

அதுவரை அவள் ரயிலை நினைத்துக் கோபமாக இருந்தாள். இப்போது ரயில் மறந்துபோனது. முகம் வெளுத்துவிட்டது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "முருகா, சீமந்தம் வேணாம், ஒண்ணும் வேணாம். அவரக் கொண்டாந்து விட்டுடு" என்றாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. என் வாய்க்கொழுப்பால்தானே அந்த மனிதர் அங்கே போனார்? நீந்தத் தெரியாதே. குண்டு வெடித்தால் என்ன ஆகும்? நைனாவிடம் என்ன சொல்வேன்?

செய்யக்கூடியது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் செய்தேன். கண்ணீர் வழிய, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி, தணிகைமலையானை நினைத்துச் சுழற்றினேன். கட்டுமரங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயின. காற்று ஏற ஆரம்பித்தது. காலையில் சுருண்டு படுத்திருந்த அலை இப்போது எழுந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் தேசம்மா வந்தாள். அவள் மகனும் கடலில்தான் இருந்தான். ஆனாலும் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி தனியாக உட்கார்ந்து அழுவதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அழாத பொண்ணே, இந்த நேரத்துல அழக்கூடாது. எத்திராஜு கூடத்தானே கீறாரு" என்று அக்காவின் தலையைத் தடவினாள். தடவின கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய்! மேல ஏறி இன்னா பண்ணிகினு கீறே?"

"வரச்சொல்லிக் கூப்ட்டுகினு இருக்கேம்மா. காலையில இருந்து கூப்புடுறேன், வரவே மாட்டேன்றாங்க" என்றேன்.

தேசம்மா எட்டி என் காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். படகின் முதுகிலிருந்து வழுக்கிக்கொண்டு மணலில் வந்து விழுந்தேன். துண்டைப் பிடுங்கினாள். சுருட்டினாள். கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"கரையில துணியத் தூக்கிச் சுத்தினா வராதேன்னு அர்த்தம்டா பாவி! அலை மோசம், சாவு கீது, அப்படியே நில்லுன்னு அர்த்தம்! ஒருத்தன் வான்னு காட்டி ஒருத்தன் வராதேன்னு காட்டினா, வராதேன்றவன் பேச்சைத்தான் கேப்பாங்க. உசுரு போற விசயமாச்சே!"

நான் கடலைப் பார்த்தேன். துண்டு தேசம்மாவுக்கு அடியில் போனதுமே கட்டுமரங்கள் எல்லாம் ஒன்றாகக் கரைப் பக்கம் திரும்பியிருந்தன. ஜப்பான்காரனும் இல்லை, குண்டும் இல்லை. அத்தனை பேரையும் அத்தனை நேரம் கடலில் நிறுத்தி வைத்தது திருத்தணியிலிருந்து வந்த ஒரு துண்டு.

இதற்குள் அலை உண்மையாகவே மோசமாகிவிட்டது. காலையில் வந்திருந்தால் தொட்டில் மாதிரி வந்து சேர்ந்திருப்பார்கள். இப்போது ஒவ்வொரு மரமும் நுரைக்குள் புகுந்து எழுந்துதான் வர வேண்டும். ஒன்று வந்தது. ஒன்று வந்தது. ஜனம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்து இழுத்தது. எத்திராஜின் மரம் கடைசியில் வந்தது. அதன் நடுவில் பாவா இரண்டு கையாலும் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தது தெரிந்தது. நானும் தண்ணீருக்குள் ஓடினேன். பக்கத்தில் அக்கா. வேண்டாம் என்று தேசம்மா கையைப் பிடித்ததை உதறிவிட்டு முழங்கால் தண்ணீரில் வந்து நின்றாள்.

பெரிய அலை ஒன்று எழுந்தது. மரம் அதன் தலைக்கு மேலே ஏறியது. அப்படியே புரண்டது.

எத்திராஜு மேலே வந்தார். மரத்திலிருந்த மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். பாவா வரவில்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் சிரிப்பார்கள். இந்த இடத்தில் மட்டும் நான் சிரிப்பதில்லை. அக்கா கத்தவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி வலித்தது, அவ்வளவுதான் ஞாபகம். நான் அவள் புருஷனைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். முருகனைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை.

எத்திராஜு மூழ்கினார். எழுந்தபோது அவர் கையில் ஒரு சட்டைக் காலர் இருந்தது. காலருக்குக் கீழே பாவா இருந்தார்.

கரையில் போட்டுக் குப்புறக் கவிழ்த்துத் தண்ணீரை எடுத்தார்கள். குடித்த கடலையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். மூக்குக் கண்ணாடி போய்விட்டது. கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தார். அக்கா அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் முதல் வார்த்தையாக என்ன சொல்வார் என்று எல்லோரும் குனிந்தார்கள்.

"எவன்டா அந்த மஞ்சத் துண்டு?" என்றார் பாவா.

கடலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் காலையிலிருந்து அந்த மஞ்சள் துண்டைத்தான் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். அதில் பாவாவின் வசவுதான் உசத்தியாம், ரயில் குமாஸ்தாவுக்கு இத்தனை வார்த்தை தெரியுமா என்று எத்திராஜே அசந்துபோயிருக்கிறார். இப்போது அத்தனை பேரும் ஈரத்தோடு சுற்றிலும் பார்த்தார்கள். நான் மெதுவாக அக்காவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். தேசம்மா எழுந்து, துண்டை எடுத்து, மணலை உதறி என் தோளில் போட்டாள்.

அந்தக் கூட்டம் என்னைப் பிய்த்திருக்கும். பிய்க்காததற்குக் காரணம் அக்கா. எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். ஏழு மாத வயிறு குறுக்கே நிற்கும்போது யாரால் கை ஓங்க முடியும்? "இவன் என் தம்பி. இவனுக்கு மூளை இல்ல, ஆனா கெட்டவன் இல்ல. எங்க ஊருல துண்டு வீசினா வான்னு அர்த்தம்" என்றாள். இதுவரை என்னைப் பற்றி யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

குப்பத்து நாட்டாண்மைக்காரர் கொட்டகையில் உட்கார்ந்தார். மொத்தத் துறையும் சுற்றி உட்கார்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆள் அசலூர், அறியாத பிள்ளை என்று யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "மீன் வெயில்ல காயுது. இவனே எல்லாக் கூடையும் தூக்கிக் கொட்டாயில சேக்கணும்."

எங்கள் வீட்டில் மீன் வாசற்படி தாண்டாது. மீனை நான் தொட்டதே கிடையாது. தொடுவதாவது, தலையில் சுமந்தேன். கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் நெற்றி விபூதியைக் கரைத்துக்கொண்டு வாய் வரை வந்தது. குமட்டிக்கொண்டு ஓரமாக ஓடுவேன், திரும்பி வந்து அடுத்த கூடையைத் தூக்குவேன். எனக்குத் துணையாகப் பாவாவும் இன்னொரு பக்கம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

காலை வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. இனி சாயங்கால வண்டிதான். அக்காவுக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாவாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். என்னவென்று தேசம்மா கேட்டாள். அக்கா சொன்னாள்.

"இவ்ளோதானா?" என்றாள் தேசம்மா. "வளையல எங்க உக்காந்து போட்டா இன்னா? கை அதே கைதானே? புருசன் கீறான், பொம்பளைங்க கீறோம், பொழுதும் கீது."

பொம்பளைங்க என்று அவள் சொன்னதும் துறையிலிருந்த பெண்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மாரடித்துக்கொண்டு விழுந்த அந்தச் சின்னப் பெண் முதல் ஆளாக வந்தாள், அவள் புருஷனும்தான் திரும்பி வந்துவிட்டானே. அக்காவைப் பட்டுப்புடவை கட்டவைத்து, கவிழ்ந்த படகின் பக்கத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு கண்ணாடி வளையலைத் தங்கள் கையிலிருந்தே கழற்றி அக்காவின் கையில் ஏற்றினார்கள். பச்சை, சிவப்பு, கறுப்பு, ஒன்றோடு ஒன்று சேராத நிறம், சேராத அளவு. நலங்கு வைக்க மஞ்சளுக்கு எங்கே போவது என்று ஒருத்தி கேட்டாள். தேசம்மா என்னைப் பார்த்தாள். மீன்கூடையோடு நின்றிருந்த என் தோளிலிருந்து துண்டை உருவினாள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். மஞ்சள் தண்ணீர் இறங்கியது.

"மோசம் பண்ண துண்டு, கொஞ்சம் நல்லதும் பண்ணட்டும்" என்று அக்காவின் கன்னத்தில் தடவினாள்.

அக்கா சிரித்துவிட்டாள். அன்றைக்குக் காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். வார்டன்கூட விசிலை மடியில் சொருகிக்கொண்டு ஆப்பம் வாங்கித் தின்றார். பாவா மட்டும் கண்ணாடி இல்லாத கண்ணால் யார் மனைவி என்று உத்தேசமாகப் பார்த்து ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்.

சாயங்கால வண்டியில் எங்கள் பெட்டியில் இடம் தாராளமாகக் கிடைத்தது. நான் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. திருத்தணி ஸ்டேஷனில் நைனா நின்றிருந்தார். அக்கா இறங்கி, முழங்கை வரை வளையல் அடுக்கிய கைகளை நீட்டினாள். "பொழுது போறதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு நைனா. நம்ம ஊருல போட்டிருந்தாக்கூட இவ்ளோ கை வந்திருக்காது" என்றாள்.

நைனா அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். என் பக்கம் திரும்பினார்.

"நீ மாட்டுக் கொட்டாயில படு" என்றார். படுத்தேன். மாடுகள் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டன.

அன்று தொடங்கியதுதான். பாவா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் தெருவிலேயே நின்றுகொண்டு, "தணிகா, துண்டு எங்க கீது? உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசற்படி ஏறுவார். அக்காவுக்குப் பெண் பிறந்தது. அந்தப் பெண்ணும் பேச்சு வந்த நாளிலிருந்து அதையே கேட்டது. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் முன்னால் அக்கா என் தோளிலிருந்து துண்டை எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொள்வாள், இறங்கி வந்த பிறகுதான் திருப்பித் தருவாள். ஊர்க் காவடிக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

போன வருஷம் பாவா படுத்த படுக்கையாகிவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுக் குழறியது. நானும் அக்காவும் கட்டிலருகில் நின்றிருந்தோம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"எமன் மரத்தத் திருப்பிட்டான்டா, கரைக்கு வர்றான். போயி துண்டச் சுத்து."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தேன். அக்கா வழக்கம்போல என் தோளிலிருந்து துண்டை எடுத்தாள். எடுத்து, மடித்து, இடுப்பில் சொருகப் போனவள் நிறுத்தினாள். அதை என் கையில் கொடுத்தாள்.

"சுத்துடா" என்றாள்.